எங்கள் கடனாளிகளுக்கு

2012 தவக்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, சேலத்தில் எங்கள் சபையாரோடு எழுந்து நின்று பரமண்டல ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து சொல்லிவரும் ஜெபம் என்பதால் மனம் எங்கோ இருக்க, நாக்கு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்ததும் அது நின்றுவிட்டது. தொண்டை அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை; சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். சபையார் 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' என்று முடித்து அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றிருந்தேன். முன்னிருக்கையின் முதுகை விரல் வெளுக்கும்படி நான் பிடித்துக்கொண்டிருந்ததாக என் மனைவி பிறகு சொன்னாள்.

மற்றவர்களுக்கு அந்த வரியில் வரும் கடன், பாவத்தைக் குறிக்கும் ஒரு சொல். எனக்கு அது 11 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய், வட்டி தனி.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தாத்தா தொடங்கியது, அப்பா நடத்தியது, என் கைக்கு வந்தபோது ஒன்பது பேர் வேலை செய்தார்கள். சித்தப்பா சிறு வயதிலேயே இறந்துபோனதால் அவருடைய மகன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே பாயில் படுத்து வளர்ந்த தம்பி. பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்யும் குணம் அவனுக்கு இல்லை, வாய் சாமர்த்தியம் உண்டு. பல பட்டறைகளில் கொலுசு வாங்கி வெளியூர்க் கடைகளுக்குப் போடும் வியாபாரத்தில் இறங்கினான். அதற்கு முதல் வேண்டும் என்று கடன் வாங்கினான். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான்.

கையெழுத்துப் போட்ட நிமிடம் இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. பட்டறையின் வாசல்படியில் நின்றுகொண்டு, பேனா எழுதாமல் போனதால் அதை இரண்டு முறை உதறி, உதறிய மை சட்டைக் கையில் தெறித்ததைத் துடைத்துவிட்டு, எதையும் படிக்காமல் ஏழு இடங்களில் போட்டேன். உள்ளே உருக்கும் மூசையில் வெள்ளி ஏறியிருந்தது, அந்த அவசரம் எனக்கு. பிணைப்பட்டுவிடாதே என்று நீதிமொழிகள் ஒரு முறைக்கு மேல் எச்சரிக்கிறது என்பதை அறியாதவன் அல்லன். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தவனே நான்தான். ஜாமீன்தார் என்றால் கடைசியில் ஒரு பேருக்கு நிற்பவர் என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், வேறுவிதமாக எழுதப்படாதவரை ஜாமீன்தாரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று சொல்கிறது. அதை எனக்கு விளக்கியது, வீட்டுக்கு வந்த இரண்டாவது நோட்டீஸைப் படித்துக் காட்டிய வக்கீல்.

பதினான்கு மாதத்தில் தம்பி ஊரைவிட்டுப் போய்விட்டான். மனைவியையும் குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, கைபேசியை அணைத்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் போனான். பட்டறையை விற்றோம். அது போதாமல் அப்பா கட்டிய வீட்டையும் விற்றோம். அப்பா அடுத்த ஆண்டு இறந்தார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அவருக்கு முன்பே இருந்தவை. ஆனாலும் நெடுங்காலம் அந்தச் சாவையும் தம்பியின் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் குடும்பம், லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்த காலத்தில் சேர்ந்து, இன்று தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கும் குடும்பம். அம்மாவோ ஏற்காட்டுக்காரர், கத்தோலிக்க வீட்டுப் பெண். மணமான பிறகு அப்பாவோடு எங்கள் கோயிலுக்கு வந்தாரே தவிர, ஜெபமாலையையும் தான் கற்ற ஜெபத்தையும் விட்டுவிடவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தின்போது ஒரே ஜெபம் இரண்டு விதமாகக் கேட்கும். நாங்கள் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்போம். அதே மூச்சில் அம்மா, 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' என்பார். யார் முதலில் ஆமென் சொல்வது என்று தம்பியும் நானும் போட்டி போடுவோம். அம்மாவின் வரி நீளம் என்பதால் அவர் எப்போதும் கடைசி.

என் நாக்கு நின்றுபோன காலத்தில் அம்மாவின் வரிதான் எனக்குக் கைகொடுத்தது. இது பக்தியால் நேர்ந்ததென்று சொல்ல மாட்டேன். அந்த வரியில் கடன் என்ற சொல் இல்லை, அதனால் வாயில் வந்தது. ஆனால் சொல்லச் சொல்ல அந்தப் 'பொறுப்பது' என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 'கொஞ்சம் பொறு' என்கிறோம், அது காத்திருத்தல். 'பாரம் பொறுக்கவில்லை' என்கிறோம், அது தாங்குதல். 'பிழை பொறுத்தருள்க' என்கிறோம், அது மன்னித்தல். மூன்றுக்கும் தமிழில் ஒரே வினைதான். பொறுமை வேறு, மன்னிப்பு வேறு என்று இரண்டு தலைப்புகளில் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கு, என் அம்மாவின் ஜெபத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தது அதுவரை காதில் விழவில்லை. தன்னைத் தோண்டுகிறவனைத் தாங்கும் நிலத்தைப்போல இகழ்வாரைப் பொறுக்கச் சொல்கிற வள்ளுவரும் இந்தச் சொல்லைத்தான் எடுத்தாள்கிறார். அடுத்த குறளில், பொறுப்பதைவிட மறந்துவிடுவது நல்லது என்கிறார். வள்ளுவரோடு வாதாடுவது என் தகுதிக்கு மீறியது என்றாலும், ஜாமீன் போட்டவன் மறந்துவிட்டால் இன்னொரு ஜாமீன் போடுவான் என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

பொறுத்தல் என்பதைத் தாங்குதல் என்று வாசித்த பிறகுதான் மன்னிப்பின் கணக்கு எனக்குப் பிடிபட்டது. கடனைத் தள்ளுபடி செய்தால் கடன் ஆவியாகிப் போய்விடுவதில்லை. அந்த நஷ்டத்தை யாராவது ஒருவர் ஏற்றாக வேண்டும், மன்னிக்கிறவர் ஏற்கிறார். பட்டறைக்காரனுக்கு இது புதிதன்று. வியாபாரி நிறுத்துக் கொடுத்த வெள்ளியும், வேலை முடிந்து நாங்கள் நிறுத்துக் கொடுக்கும் கொலுசும் ஒருபோதும் ஒரே எடையில் இருக்காது. உருக்கும்போது கொஞ்சம், அராவும்போது கொஞ்சம், மெருகிடும்போது கொஞ்சம் என்று போய்க்கொண்டேயிருக்கும். அதற்குச் சேதாரம் என்று பெயர். சேதாரம் யார் தலையில் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் தொழில் நடக்காது. பேசியதற்கு மேல் போனால் அது பட்டறைக்காரன் தலையில் விழும். ஆகவேதான் மாலையில் தரையைக் கூட்டிய தூசியைக்கூடக் கொட்டாமல் சாக்கில் சேர்த்து வைப்போம். அதிலும் வெள்ளி இருக்கும். தம்பியின் கடன் என் தலையில் விழுந்த சேதாரம். விழுந்துவிட்டது. அதைக் கட்டியும் முடித்துவிட்டேன். பிறகும் அவனிடமிருந்து அது வந்து சேரவேண்டும் என்று ஒவ்வோர் இரவும் மனத்துக்குள் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்தேனே, அதை நிறுத்துவதுதான் மீதி இருந்த வேலை. அந்த வேலைக்குத்தான் பத்து ஆண்டுகள் பிடித்தன.

வெள்ளி என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மல்கியா தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரத்தில், கர்த்தர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டுச் சுத்திகரிப்பார் என்று இருக்கிறது. இதைப் பேசும் ஊழியர்கள் பெரும்பாலும், உருகிய வெள்ளியில் தன் முகம் தெரியும்வரை தட்டான் காத்திருப்பான் என்று ஒரு கதை சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் யாரும் மூசைக்குள் முகம் பார்த்ததில்லை. 961 டிகிரியில் உருகும் உலோகத்தின் மேல் குனிந்து முகம் பார்த்தால் புருவம் மிஞ்சாது. வெங்காரத்தைத் தூவிவிட்டு, அழுக்கு ஓரமாய் ஒதுங்குகிறதா, மேற்பரப்பு தெளிகிறதா என்று சற்றுத் தள்ளியிருந்து பார்ப்போம். உருகிய வெள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு. சூட்டில் இருக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, ஆறி இறுகும் நேரத்தில் அதை வெளியே துப்பும். திறந்தபடி ஆறவிட்டால் மேற்பரப்பு வெடித்துச் சின்னச் சின்னப் பொரிகள் எழும்பும். என் கோபமும் அப்படித்தான் வந்தது. நோட்டீஸ், வக்கீல், வீட்டு விற்பனை என்று அடுப்பில் இருந்த ஒன்றரை ஆண்டும் நான் மிகவும் அமைதியாக இருந்தேன், 'எவ்வளவு பொறுமை!' என்று சபையில் மெச்சினார்கள். எல்லாம் அடங்கி வாடகை வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் துப்பத் தொடங்கியது. மனைவி மேல், பிள்ளைகள் மேல், ஒன்றும் அறியாத கறிவேப்பிலைக்காரர் மேல் என்று வெடித்தேன். மல்கியாவின் வசனத்தில் எனக்குப் பிடித்த சொல் 'உட்கார்ந்து' என்பதுதான். அவசரமாக ஊதிவிட்டு எழுந்து போகிறவர் அல்லர் அவர். ஆறும்வரை பக்கத்திலேயே இருப்பவர்.

இந்த நிலையில், அடுத்த ஆண்டின் பெரிய வெள்ளிக்கு ஆயர் என்னை அழைத்தார். நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை நடக்கும் ஆராதனையில் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளையும் ஏழு பேர் பேசுவார்கள். முதல் வார்த்தை எனக்கு. வேண்டுமென்றுதான் கொடுத்தாரோ என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. முடியாது என்று சொல்லப் போனவன், வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று திரும்பினேன். 'பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே.' லூக்கா 23-ஆம் அதிகாரம், 34-ஆம் வசனம். நூறு முறை கேட்ட வசனம். அந்த இரவில்தான் அதன் இலக்கணம் கண்ணில் பட்டது. 'நான் இவர்களை மன்னிக்கிறேன்' என்று அவர் சொல்லவில்லை. 'பிதாவே, மன்னியும்' என்று வேண்டுகிறார். திமிர்வாதக்காரனிடமும் பாவியான பெண்ணிடமும் 'உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது' என்று நேரடியாகச் சொன்ன அதே வாய், ஆணி அறைந்த கைகளோடு தொங்கும்போது பிதாவை நோக்கித் திரும்புகிறது. இதற்கு இறையியலாளர்கள் வேறு விளக்கம் வைத்திருக்கலாம். என்னைப் போன்றவனுக்கு அதில் ஒரு கதவு திறந்தது. என்னால் மன்னிக்க முடியாத நாளில், மன்னிக்கும்படி அவரிடம் சொல்லவாவது முடியும். மேடையில் நான் பேசியது ஆறு நிமிடம். மன்னித்துவிட்டதாகப் பொய் சொல்லவில்லை. 'இவனை நீர் மன்னியும், நான் இன்னும் அங்கே வந்து சேரவில்லை' என்பதுதான் இப்போதைக்கு என் ஜெபம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை.

அதே ஆண்டு ஏற்காட்டுக்குக் குடிபெயர்ந்தோம். அம்மாவின் பிறந்த வீடு பூட்டிக் கிடந்தது, வாடகை மிச்சம். எனக்கு ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் பேருந்து திரும்பும்போதெல்லாம் கீழே சேலம் ஒருமுறை தெரியும், ஒருமுறை மறையும். பதினாறாவது, பதினேழாவது வளைவுக்கு மேல் காற்று மாறும். 1,500 மீட்டர் உயரத்தில், சேலத்துச் சூட்டிலிருந்து வந்த எவருக்கும் முதல் வாரம் சொர்க்கமாக இருக்கும். இரண்டாம் மாதம் மூடுபனியும் ஈரத்துணி வாடையும் அலுத்துவிடும். எனக்கும் அலுத்தது.

காப்பியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அங்கேதான். சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஆங்கிலேயர் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. நட்டால் மூன்று நான்கு ஆண்டுகள் பலன் கிடையாது. காய்க்கத் தொடங்கிய பிறகும் மார்ச், ஏப்ரலில் கோடை மழை ஒன்று பெய்தாக வேண்டும். அது பெய்து ஏறத்தாழப் பத்து நாளில் செடி முழுவதும் மல்லிகைபோல் வெள்ளையாய்ப் பூத்து, தோட்டம் மணக்கும். பூ இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அதன்பிறகு பழுக்க எட்டு ஒன்பது மாதம். அந்த மழை தவறினால் அந்த ஆண்டின் கணக்கில் நான் எழுத ஒன்றும் இருக்காது. முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் நீடிய பொறுமையோடே காத்திருக்கும் பயிரிடுகிறவனைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியிருப்பதை, ஏப்ரல் மாதத்தில் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் மேஸ்திரியின் கழுத்தை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அந்தக் காத்திருப்பில் சாந்தம் ஒன்றும் கிடையாது. மேஸ்திரி எரிச்சலோடு இருப்பார், பீடிக்குமேல் பீடி பிடிப்பார், எல்லோரையும் திட்டுவார். ஆனால் கவாத்து செய்வதை நிறுத்த மாட்டார்.

யாக்கோபின் அதே பகுதியில் இரண்டு வகைப் பொறுமை வருகிறது. பயிரிடுகிறவனுக்குச் சொல்லும்போது 'நீடிய பொறுமை' என்றும், யோபுவுக்குச் சொல்லும்போது 'பொறுமை' என்றும் நம் வேதாகமம் பெயர்த்திருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அவை வெவ்வேறு சொற்கள். யோபுவுக்குரிய சொல்லைப் பிரித்தால், சுமையின் கீழே தங்கியிருத்தல் என்று பொருள் வரும்; உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று ரோமருக்குப் பவுல் எழுதும் இடத்திலும் அதே சொல்தான். மற்றது சினம் கொள்ள நெடுநேரம் எடுத்துக்கொள்வது; பெரும்பாலும் மனிதர்களைத் தாங்குவதைக் குறிப்பது. என் வாழ்க்கையில் இந்த வேறுபாடு மிகத் துல்லியமாகப் பொருந்தியது. வீடு போனதைத் தாங்க எனக்கு ஓராண்டுதான் ஆயிற்று. பட்டறை போனதை, கொலுசு மணி ஓசை கேட்டால் தெருவில் நின்றுவிடும் அளவுக்கு வலித்தாலும், மூன்று ஆண்டில் தாங்கிவிட்டேன். தம்பியைத் தாங்கத்தான் முடியவில்லை. பொருள் திரும்பி வந்து விளக்கம் சொல்வதில்லை; மனிதன் ஒருநாள் வருவான், சொல்வான் என்று மனம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

யோபுவைப் பற்றி ஒரு குறை எனக்கு உண்டு. யோபு மேல் அன்று, அவரைப் பொறுமையின் பொம்மையாக்கி வைத்திருப்பவர்கள் மேல். முதல் இரண்டு அதிகாரங்களில் ஒரு குறையும் சொல்லாத அந்த மனிதர், மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபித்துத் தொடங்கி, பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். கடைசியில் கடவுள் கோபிப்பது அவர் மேல் அன்று; ஆறுதல் சொல்வதாக வந்து, 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்' என்று நியாயம் பேசிய நண்பர்கள் மேல்தான். சங்கீதப் புத்தகத்திலும் புலம்பல்களுக்குக் குறைவில்லை. 88-ஆம் சங்கீதம் ஒரு நல்ல சொல்கூட இல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதை வெட்டி எறியாமல் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். முணுமுணுக்காதே என்று துயரப்படுகிறவரிடம் சொல்லப் போகிறவர்கள் முதலில் அதை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகலாம்.

இதைச் சற்றுக் கடுமையாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பொறுமை, மன்னிப்பு என்ற இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டு, அடிபட்டவரின் வாயை அடைப்பதை நான் சபைகளில் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்லவந்த ஒரு பெண்ணிடம், ஏழெழுபது முறை மன்னிக்க இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்று மூப்பர் ஒருவர் கூறியபோது நான் பக்கத்தில் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது என் கணக்கில் இருக்கும் கடன். அந்த மூப்பர் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை நடுவிலிருந்து வாசித்துவிட்டார். ஏழெழுபது வருவதற்கு முன், 15-ஆம் வசனம் முதலே, உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால் அவனிடம் போய்த் தனியாக அதை உணர்த்து, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து என்று இருக்கிறது. குற்றம் குற்றம்தான் என்று பெயர் சொல்லி அழைத்த பிறகே மன்னிப்பு பேசப்படுகிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும், பத்து வயதும் ஆறு வயதுமான அவருடைய இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தபோது, அவருடைய மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியை விடாமல் சில ஆண்டுகள் அங்கேயே தொடர்ந்தார். அவர் மன்னித்தார் என்பதால் வழக்கு நிற்கவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்யும்வரை அது தன் வழியில் நடந்தது. நானும் தம்பி மேல் புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் விட்டதற்குக் காரணம் மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டால் அது பொய். அப்பா வேண்டாம் என்றார், எனக்கும் வெட்கமாக இருந்தது.

ஏழெழுபதுக்குப் பிறகு வரும் உவமையைக் கணக்கெழுதுகிறவன் என்ற முறையில் ஒருநாள் தோட்ட அலுவலகத்தில் கூட்டிப் பார்த்தேன். ராஜாவுக்கு ஊழியக்காரன் பட்டு, ராஜா தள்ளுபடி செய்த கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்துக் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக, அது ஆறு கோடி நாட்களின் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகும். இயேசு வேண்டுமென்றே, கேட்பவர்கள் சிரிக்கும்படியாக ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார். ஆனால் என்னைத் தொட்டது மற்ற எண். அந்த ஊழியக்காரன் தன் உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடித்தது நூறு வெள்ளிப்பணத்துக்காக. பிரசங்கங்களில் இதை 'அற்பத் தொகை' என்பார்கள். நூறு நாள் கூலி அற்பமா? நாளைக்கு 700 ரூபாய் வாங்குகிறவருக்கு அது 70,000 ரூபாய். ஒரு குடும்பத்தின் மூன்று மாதச் சோறு. உனக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை என்று இந்த உவமை என்னிடம் சொல்லவில்லை. உனக்கு வரவேண்டியது உண்மையிலேயே பெரிய தொகைதான் என்று ஒத்துக்கொண்டுதான் மற்றக் கணக்கைக் காட்டுகிறது.

இந்தக் கணக்குகளெல்லாம் தலையில் ஏறினவை. நெஞ்சில் ஏறாதவற்றை அம்மா பார்த்துக்கொண்டார். 2019-இல், தனக்கு உடம்பு தளர்ந்துவிட்டது தெரிந்த பிறகு, ஒரு மாலை தன் இரண்டு வளையலையும் கழற்றி என் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்தார். "அவன் உனக்குத் தரவேண்டியதை நான் தரேன் சாமி. என் பேர்ல எழுதிக்கோ. அவனை விட்டுடு" என்றார். வளையல் இரண்டும் சேர்ந்து நான்கு பவுன்கூட இராது. எனக்குக் கடும் கோபம் வந்தது. ஓடிப்போன அடிமை ஒநேசிமுவுக்காகப் பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதுகிறார்: அவன் உமக்கு அநியாயம் செய்ததும் கடன்பட்டதும் உண்டானால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும் என்று. அம்மா அந்த நிருபத்தை வாசித்தவர் அல்லர். ஆனால் நான் வாசித்தவன், அதைப் பற்றிப் பேசியவன். கோபம் அதனால்தான் அதிகமாக வந்தது. எபிரெயருக்கு எழுதின நிருபம் இயேசுவைப் பிணையாளி என்றே அழைக்கிறது. ஜாமீன்தார்! ஏழு இடங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏமாந்த முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த பெயரை அவர் ஏற்கெனவே சுமந்திருந்தார் என்பதை அம்மாவின் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மாலையில் என்னால் தட்டிக்கழிக்க முடியவில்லை. வளையலை எடுத்து அவர் கையிலேயே திரும்பப் போட்டுவிட்டேன். எழுதிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா இறந்த செய்தி யார் மூலமோ தம்பிக்குப் போயிருக்கிறது. நான்கு மாதம் கழித்து, 2021 நவம்பரில், கல்லறைத் திருநாளுக்கு மறுநாள், முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. இந்தக் காட்சியை இரவுகளில் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அவன் காலில் விழுவான், அல்லது நான் கன்னத்தில் அறைவேன். இரண்டும் நடக்கவில்லை. "பஸ் இப்பல்லாம் சீக்கிரமா ஏறிடுதுண்ணா" என்றான். உட்காரச் சொன்னேன். என் மனைவி சோறு போட்டாள், ரசம் ஊற்றினாள். அம்மாவின் கல்லறைக்குக் கூட்டிப் போனேன். முந்தின நாள் ஏற்றிய மெழுகுவத்திகள் உருகிக் கல்லோடு ஒட்டியிருந்ததை நகத்தால் நெடுநேரம் சுரண்டிக்கொண்டிருந்தான். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மத்தேயு 18-இன்படி நான் உணர்த்தியிருக்க வேண்டும்; இதைப் படிக்கும் யாராவது அதைக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. போகும்போது ஆரஞ்சுப் பழம் ஒரு பையை வைத்துவிட்டுப் போனான். ஏற்காட்டுக்கு ஆரஞ்சு வாங்கிவருகிறவனை என்னவென்று சொல்வது!

1995-இல் இந்தூர் அருகே ஓடும் பேருந்தில் அருட்சகோதரி ராணி மரியாவைக் குத்திக் கொன்ற சமுந்தர் சிங்கின் கையில், ஏழு ஆண்டுகள் கழித்துச் சிறைக்கே போய் ராக்கி கட்டியவர் ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கை. அந்தச் செய்தியை வாசிக்கும்போதெல்லாம் ராக்கியைவிட அந்த ஏழு ஆண்டுகளே எனக்கு முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒவ்வொரு நாளும் என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்னுடையது ராக்கி கட்டும் அளவுக்கு வந்த கதை அன்று. தம்பி எங்கே இருக்கிறான், என்ன தொழில் செய்கிறான் என்று நான் இன்னும் கேட்டதில்லை.

இப்போது ஞாயிறுகளில் அந்த வரி வாயில் வருகிறது. சில நாள் கடன் என்கிறேன், சில நாள் என்னை அறியாமல் அம்மாவின் வரிக்கு நழுவி, சபையார் அடுத்த அடிக்குப் போன பிறகு 'பொறுத்தருளும்' என்று தனியாக முடிக்கிறேன். கிறிஸ்துமஸ் காலையில் தம்பி ஒரு முறை தொலைபேசியில் அழைப்பான். முதல் ஆண்டு மணி அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு நானே திருப்பி அழைத்தேன். அடுத்த ஆண்டு ஏழாவது மணியில் எடுத்தேன். சென்ற கிறிஸ்துமஸுக்கு நான்காவது மணியில்.